ஒரு நாள் விருந்துக்கு ஓராண்டுச் சந்தாவா?

விருந்துக்கு வருகிறவர்களில் யாரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்று பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்களைப் பற்றியே இந்த முறை நிறையக் கடிதங்கள். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: ரிசப்ஷனுக்கு 240 பேர், பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை 24. "ஆகச் சிறந்த அமைப்பு, 100 சதவீத கேரண்டி" என்கிறது ஒரு ஆப். நம்பலாமா? (கோவை)

அந்த கேரண்டியை நம்பாதீர்கள். ஒரே வட்ட மேசையில் பத்துப் பேரை 3,62,880 விதமாக உட்கார வைக்கலாம். 240 பேர் என்றால் எல்லா விதங்களையும் எந்தக் கம்ப்யூட்டரும் பார்த்து முடிக்காது. இந்த ஆப்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு அமைப்பில் தொடங்கி, இரண்டு பேரை இடம் மாற்றிப் பார்த்து, நன்றாக இருந்தால் வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் ஒரே பட்டியலை இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு விதமாக வரும். அது தவறில்லை, நல்ல அமைப்பே கிடைக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. முதல் நாள் இரவு எட்டுப் பேர் வரவில்லை என்று போன் வரும். அப்போது முடிவான மேசைகளைப் பூட்டி வைத்துவிட்டு மீதியை மட்டும் மாற்ற முடிகிறதா? முடியாவிட்டால் வாங்க வேண்டாம்.

கே: முகூர்த்தச் சாப்பாட்டுப் பந்திக்கும் இது உதவுமா? (கும்பகோணம்)

உதவாது. பந்தியில் வருகிறவர் வந்த வரிசையில் உட்காருவார். இலைக் கணக்கு போதும்.

கே: "இலவசம்" என்று போட்டிருந்ததால் மூன்று இரவு உட்கார்ந்து 180 பெயர்களை அடித்தேன். பிரின்ட் பட்டனைத் தொட்டதும் 2,499 ரூபாய் கேட்டது. மறுநாள் கல்யாணம், கட்டிவிட்டேன். ஒரு வருடம் கழித்து மறுபடி 2,499 கணக்கிலிருந்து போயிருக்கிறது. மகளுக்கு இன்னொரு கல்யாணமா செய்யப் போகிறேன்? (சென்னை, அம்பத்தூர்)

அம்மா, உங்கள் மேல் தவறே இல்லை. இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நெடுநாளாக நினைத்திருந்தேன்.

கல்யாணம் ஒரு நாள். அதற்கு எதற்கு வருடச் சந்தா? ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று விலை வைக்க அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வேலை முடிந்ததும் நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். பெயர்களை அடிக்கும்வரை விலையைச் சொல்லாமல், உழைப்பெல்லாம் உள்ளே போன பிறகு கதவைச் சாத்துவது இன்னொரு கொடுமை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. சந்தாவில் சிக்கவைப்பது அதில் ஒன்று. தொடர்ந்து பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லாமல் "இலவசம்" என்று விளம்பரம் செய்வதும் அதில் வருகிறது.

பணம் ஓசையில்லாமல் போவதற்கும் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய் வரையிலான தொடர் பிடித்தத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. ஆனால் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். பழைய எஸ்எம்எஸ், மெயில் எல்லாவற்றையும் தேடுங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

இன்றைக்கே வங்கி ஆப்பில் அந்த ஆட்டோ-பே அனுமதியை ரத்து செய்யுங்கள். அடுத்து நிறுவனத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விடாதீர்கள்.

கே: மேசை அட்டைகளில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக விழுந்தன. விற்றவர் "உங்கள் பக்கம் ஃபாண்ட் கோளாறு" என்கிறார். (சிங்கப்பூர்)

எனக்கும் இது நடந்தது. 2019-இல் எங்கள் வீட்டு வரவேற்புக்கு, "எல்லா மொழிகளும்" என்ற ஒரு வரியை நம்பிப் பணம் கட்டினேன். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. பிடிஎஃப் எடுத்தால் "கோமதி"யில் கொம்பு முன்னால் வராமல், ககரத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றது. இன்னொன்றும் நடந்தது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டார்கள். இனிஷியலை இரண்டாவதில் போட்டேன். ஆப் அந்தக் கட்டத்தை வைத்தே வரிசைப்படுத்தியதால், வாசல் பலகையில் "எஸ்" என்ற எழுத்தின் கீழ் 43 பெயர்கள் வரிசையாக நின்றன. வயதானவர்கள் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துத் தேடியது இன்னும் மனதில் உறுத்துகிறது.

தமிழ் வரும் என்று எழுத்தில் சொல்லியிருந்தால் பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடுங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான வழக்குகளை எடுக்கும், அங்கும் இரண்டு வருடக் கெடுதான். இனி வாங்குகிறவர்கள் "கொ, பௌ, ஸ்ரீ" மூன்றையும் அடித்து, பிடிஎஃப் எடுத்து, வேறொரு போனில் திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கே: 32 பேருக்குப் பயிற்சி முகாம். நான்கு பேர் கொண்ட எட்டுக் குழுக்கள், 12 சுற்று. சேர்ந்தவர்களே மறுபடி சேரக்கூடாது என்றோம். மென்பொருள் திரும்பத் திரும்ப அதே ஆட்களைச் சேர்க்கிறது. பழுதான சரக்கு, பணம் திரும்ப வேண்டும். (ஓசூர்)

கிடைக்காது, கேட்கவும் கூடாது. ஒரு சுற்றில் ஒருவருக்கு மூன்று புது ஆட்கள். மற்றவர்கள் 31 பேர். மூன்றால் வகுத்தால் பத்துக்கு மேல் போகாது. பதினோராவது சுற்றில் யாராவது மறுபடி சந்தித்தே ஆக வேண்டும். அந்தப் பத்துச் சுற்றைக்கூட முழுசாக அமைக்கும் வழி 2004-இல்தான் கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் பணத்தைச் செலவழிக்கும் முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டிருக்க வேண்டாமா? விற்றவரைக் குறை சொல்லாதீர்கள்.

கே: ஆப் கேட்டது என்று போனில் இருந்த கான்டாக்ட்ஸ் முழுவதையும் கொடுத்துவிட்டேன். இப்போது சொந்தக்காரர்களுக்கெல்லாம் மண்டபம், கேட்டரிங் விளம்பரம் வருகிறதாம். (திருச்சி)

அவை உங்கள் எண்கள் அல்ல, சொந்தக்காரர்களுடையவை. ஆப்புக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்துவிட்டு, எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் போன் செய்து வருத்தம் சொல்லுங்கள்.

கே: காசில்லாமல் செய்ய வழி உண்டா? 90 பேர்தான். (மதுரை)

உண்டு. மேசைக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் யார், மாடி ஏற முடியாதவர் யார் என்று தெரிந்த உங்கள் அத்தையையோ சித்தியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சீட்டுகளைத் தட்டுக்குத் தட்டு மாற்றுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு தட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேன் போட்டால் சீட்டு பறந்துவிடும்.