மூன்று வயதில் எழுத வைக்கும் பள்ளியா, ஆடிப்பாட விடும் பள்ளியா? எது பின்னாளில் நிற்கும்?

இரண்டையும் பார்த்துவிட்ட அப்பன் என்பதால் சொல்கிறேன். எங்களுக்குக் குடியாத்தம்.

பெரியவனை மூன்றரை வயதில் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்த்தோம். பேர் வேண்டாம். முதல் மாதமே நாலு கோடு நோட்டு. பென்சிலைக் கைமுட்டியில் இறுக்கிப் பிடித்து அழுத்துவான், முனை உடையும், அழுவான். அந்த வயதில் மணிக்கட்டின் 8 எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்புதான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நூறு வரை மளமளவென்று ஒப்பிப்பான். தட்டில் எத்தனை இட்லி என்றால் முழிப்பான்.

சின்னவள் சமயத்தில் கையில் காசில்லை. அங்கன்வாடிதான். டீச்சர் புளியங்கொட்டையைக் கொட்டிவைத்து, ஐந்து எடு, இரண்டைத் திருப்பி வை என்பார். கதையைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் நரி என்ன பண்ணியிருக்கும்?" என்று கேட்பார். எங்கம்மா பீடி சுற்றுபவர். இவள் போய்க் கட்டுகளை எண்ணி, "ஆயா, ஒண்ணு குறையுது" என்பாள். (புகையிலைத் தூசிப் பக்கம் பிள்ளையை விடாதே என்று நான் சண்டை போட்டது தனிக்கதை.)

சரி, பின்னாளில் நிற்குமா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி என்ற ஊரில், 1962-இல் ஏழை வீட்டுப் பிள்ளைகள் 123 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும், பிள்ளைகளே திட்டமிட்டுச் செய்து பார்க்கும் விதமான முன்பருவக் கல்வி. அவர்களுடைய நுண்ணறிவு மதிப்பெண் முதலில் ஏறியது, சில வருடங்களில் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் 40 வயதில் பார்த்தால், அந்தப் பிள்ளைகளே அதிகம் சம்பாதித்தார்கள், போலீசிடம் சிக்கியதும் குறைவு. மதிப்பெண் போன பிறகும் நின்றது எது? எடுத்த காரியத்தில் உட்காரும் பொறுமையும், நாலு பேரோடு ஒத்துப்போகும் பழக்கமும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அங்கே தேர்ந்த ஆசிரியர்கள், வாராவாரம் வீட்டுக்கே வந்தார்கள். சுவரில் பொம்மை வரைந்துவிட்டு 'ப்ளே ஸ்கூல்' என்று போர்டு மாட்டினால் அது நடக்காது.

நம் தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடி மையங்களில் ஆய்வு நடந்தது. பாதி மையங்களுக்கு அரைநாள் ஆள் ஒருவரைக் கூடுதலாகப் போட்டதும் சொல்லிக்கொடுக்கும் நேரம் இரட்டிப்பானது, பிள்ளைகளுக்குக் கணக்கும் மொழியும் தேறின. எடை பார்ப்பது, முட்டைக் கணக்கு, பதிவேடு எல்லாம் ஒரே டீச்சர் தலையில் என்றால் அவர் எப்போது பிள்ளைகளோடு உட்காருவார்?

அதனால் கட்டணத்தையும் கட்டடத்தையும் விடுங்கள். காலை பதினோரு மணிக்குப் போய் வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். டீச்சர் குரல் மட்டும் கேட்டால், அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுங்கள்.