ஃபேக்ட் செக் எந்த வாக்கியத்தைச் சரிபார்த்தது?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன். குடியுரிமை கிடைத்து முதல் முறையாக வாக்களிக்கப் போகிறேன். வாக்களிக்க அடையாள அட்டை காட்டச் சொல்லும் சட்டத்தைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓயாத சண்டை. ‘கள்ள ஓட்டே கிடையாது’ என்று ஒருவர் ஒரு ஃபேக்ட் செக்கைப் போடுகிறார். ‘இந்தச் சட்டத்தால் யாரும் ஓட்டை இழக்கவில்லை’ என்று இன்னொருவர் வேறொன்றைப் போடுகிறார். எதை நம்புவது?

பதில்: சரிபார்ப்பவர்கள் மதிப்பெண் போடுவது யாரோ ஒருவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு. சட்டம் நல்லதா கெட்டதா என்பது அதில் அடங்காது. அதனால் ‘பொய்’ என்ற முத்திரையைப் பார்ப்பதற்கு முன், அந்த வாக்கியம் எது என்று தேடுங்கள்.

2021-இல் ஜார்ஜியா மாநிலத்தின் புதிய தேர்தல் சட்டம் வாக்குப்பதிவை முன்கூட்டியே முடித்துவிடுகிறது என்றார் அப்போதைய அதிபர் பைடன். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதைத் தவறு என்று அறிவித்தது. தேர்தல் நாளன்று காலை 7 முதல் மாலை 7 வரை என்ற நேரம் மாறவே இல்லை; தீர்ப்பு சரிதான். ஆனால் அதே சட்டம் தபால் ஓட்டுக்கு அடையாள எண் கேட்பது நியாயமா என்பதை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. குழுக்களில் பரவும்போது இந்த எல்லை காணாமல் போகிறது.

அடுத்தது, எந்த வகை மோசடி என்று கேளுங்கள். வாக்குச்சாவடியில் அட்டை கேட்பது ஆள்மாறாட்டத்தைத்தான் தடுக்கும். சட்டப் பேராசிரியர் ஜஸ்டின் லெவிட் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2000 முதல் பதிவான 100 கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளில் நம்பத்தகுந்த ஆள்மாறாட்டச் சம்பவங்கள் 31. அதற்காக மோசடியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2018-இல் வட கரோலினாவின் ஒரு காங்கிரஸ் தொகுதியில் தபால் ஓட்டு மோசடி அம்பலமாகி, மறுதேர்தலே நடந்தது. ஆனால் சாவடியில் அட்டை காட்டச் சொல்லியிருந்தாலும் அது நின்றிருக்காது.

‘18 லட்சம் இறந்தவர்கள் வாக்காளர் பட்டியலில்’ என்ற பார்வர்டும் உங்களுக்கு வந்திருக்கும். அது 2012-இல் பியூ என்ற அமெரிக்க அமைப்பின் ஆய்வு சொன்ன எண்தான். பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அந்தப் பெயரில் ஓட்டு விழுவது வேறு. ஆய்வு சொன்னது முதலாவதை மட்டுமே.

சட்டத்தை எதிர்ப்பவர்கள் காட்டும் எண்களையும் இதே கண்ணோடு பாருங்கள். குடிமக்களில் 11 சதவீதம் பேரிடம் செல்லுபடியாகும் புகைப்பட அட்டை இல்லை என்ற பிரென்னன் மையம் என்ற சட்டக் கொள்கை அமைப்பின் கணக்கு, 2006-இல் ஆயிரத்துக்கும் குறைவானோரிடம் தொலைபேசியில் எடுத்தது. அத்தனை பேரும் ஓட்டுப் போடாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. கன்சாஸ், டென்னசி மாநிலங்களில் அடையாள அட்டைச் சட்டங்களால் வாக்குப்பதிவு சில சதவீதப் புள்ளிகள் சரிந்ததாக 2014-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் சொன்னது. 2021-இல் கான்டோனி, பான்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 10 ஆண்டுத் தரவை அலசி, ஒட்டுமொத்த வாக்குப்பதிவில் குறிப்பிடத்தக்க பாதிப்பில்லை என்றார்கள். ஆனால் சராசரி அசையவில்லை என்பது, ஒருவர்கூட விடுபடவில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆய்வாளர்களே இன்னும் வாதாடும் இந்த இடத்தில் ‘உண்மை’, ‘பொய்’ என்று முத்திரை குத்துவது தவறு என்பது என் உறுதியான கருத்து. இரு தரவையும் வைத்துவிட்டு முடிவை வாசகரிடம் விடுகிற கட்டுரைக்கே நான் மதிப்புத் தருவேன்.

சரி, உங்கள் ஓட்டுக்கு வருவோம். தபாலில் வரும் வாக்காளர் பதிவுச் சான்றில் புகைப்படம் இருக்காது. நம் ஊர் வாக்காளர் அட்டை மாதிரி அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். டெக்சஸ் ஓட்டுநர் உரிமம், அமெரிக்கப் பாஸ்போர்ட், புகைப்படமுள்ள குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்று போதும். துப்பாக்கி உரிமத்தை ஏற்கிற அந்தப் பட்டியலில் கல்லூரி அட்டைக்கு இடமில்லை. இவற்றில் எதையும் வாங்க முடியாத நியாயமான காரணம் இருந்தால், அதை எழுதிக் கையெழுத்திட்டு, மின்கட்டண ரசீது போன்ற ஓர் ஆவணத்தோடு வாக்களிக்கலாம். பதிவு மட்டும் தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதை இந்த வாரமே உங்கள் கவுன்டி அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.