ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையோடு கேபசிட்டபின்

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. உலோக இதய வால்வு பொருத்தப்பட்டதிலிருந்து, ரத்தம் உறையாமல் காக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்ட மாதம் ஒருமுறை பார்க்கும் ஐ.என்.ஆர். அளவு எப்போதும் 3-ஐ ஒட்டியே இருக்கும். பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின், வேறொரு மருத்துவமனையில் கேபசிட்டபின் என்னும் புற்றுநோய் மாத்திரை தொடங்கி மூன்று வாரமாகிறது. இரண்டு நாட்களாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அடுத்த பரிசோதனை வரை காத்திருக்கலாமா? பரிசோதனையே தேவைப்படாத புதிய மாத்திரைக்கு மாற்றலாம் என்கிறார் உறவினர் ஒருவர். சத்து மாத்திரையும் ஜெலூசிலும் கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: காத்திருக்க வேண்டாம். இன்றே ஐ.என்.ஆர். பரிசோதனையும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் பார்த்து, முடிவை இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ, பரிசோதனை முடிவுக்குக்கூட நிற்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளைக் கல்லீரலில் சிதைத்து வெளியேற்றும் நொதியின் செயலைக் கேபசிட்டபின் குறைத்துவிடுவதால், அதே அளவில் மாத்திரை சாப்பிட்டாலும் உடலில் அது கூடுதலாகத் தங்குகிறது. வார்ஃபரினை வைத்து நடந்த ஆய்வில், கேபசிட்டபின் சேர்ந்தபோது ரத்தத்தில் அம்மருந்தின் வீரியமிக்க கூறு 57 விழுக்காடு உயர்ந்தது. இந்த மாற்றம் முதல் நாளே தெரியாது. சில நாட்களிலும் வரலாம், சில மாதங்கள் கழித்தும் வரலாம். போதாக்குறைக்கு, வயிற்றுப்போக்கும் பசியின்மையும் சேர்ந்தால் உணவிலிருந்து கிடைக்கும் வைட்டமின் கே குறைந்து, ஐ.என்.ஆர். மேலும் ஏறும். ஆண்டுக்கணக்கில் அளவு சீராக இருந்தது என்ற நம்பிக்கையில் மாதம் ஒருமுறை பார்ப்பது இப்போது போதாது. வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் பயந்துபோய் அசிட்ரோமை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உலோக வால்வில் ரத்தக்கட்டி உண்டானால் அது பக்கவாதத்தில் முடியக்கூடும். உறவினர் சொல்லும் புதிய வகை மாத்திரைகள் உலோக வால்வு உள்ளவர்களுக்குக் கூடாது. அவற்றில் ஒன்றான டபிகாட்ரானை இத்தகையவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, ரத்தக்கட்டியும் ரத்தப்போக்கும் மிகுந்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மாத்திரை அளவைக் குறைப்பதா, சில காலம் ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் வகை ஊசிக்கு மாற்றுவதா என்பதை இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு மருத்துவமனைச் சீட்டுகளும் தனித்தனிக் கோப்புகளில் கிடப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். அவற்றை ஒரே கோப்பில் வையுங்கள்.

சத்து மாத்திரையில் கவனம் தேவை. பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அது கேபசிட்டபினின் நச்சு விளைவுகளைக் கூட்டி, வாய்ப்புண்ணையும் வயிற்றுப்போக்கையும் கடுமையாக்கலாம். எப்போதாவது ஒரு ஜெலூசில் பெரிய கேடு செய்யாது. வலிக்கு டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் மாத்திரையும் கேபசிட்டபினால் ரத்தத்தில் கூடக்கூடியது. உங்கள் தந்தைக்கு அது இல்லாவிட்டாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

பல் மருத்துவரிடமோ தெருமுனை மருந்துக்கடையிலோ புற்றுநோய் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். 1993-இல் ஜப்பானில் சொரிவுடின் என்னும் அக்கி மாத்திரை விற்பனைக்கு வந்த சில வாரங்களில், கேபசிட்டபின் உடலில் எந்த மருந்தாக மாறுகிறதோ அதே 5-ஃபுளோரோயுராசில் வகை மருந்தையும் எடுத்துவந்த 15 பேர், இரண்டு மருந்துகளும் சேர்ந்ததால் இறந்தனர். நோயாளியிடமே புற்றுநோய் என்பதைச் சொல்லாமல் மறைக்கும் வழக்கம் அந்நாட்டில் அப்போது பரவலாக இருந்தது.

கேபசிட்டபினைப் பொதுவாக 14 நாட்கள் சாப்பிட்டு 7 நாட்கள் விடுவார்கள். அந்த ஓய்வு வாரத்திலும் பரிசோதனையை விடக்கூடாது. சிகிச்சை முழுவதும் முடிந்த பிறகும், ஏறத்தாழ ஒரு மாதம் அதன் பாதிப்பு நீடிக்கலாம். பின்னர் நொதி பழைய நிலைக்குத் திரும்பும்போது, குறைத்து வைத்த அசிட்ரோம் அளவு போதாமல் போய் வால்வில் ரத்தம் உறையும் அபாயம் வரும். ஆகவே, கடைசி மாத்திரை எந்தத் தேதியில் முடிகிறது என்பதை இதய மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.