டிஎன்ஏ இல்லாத குழாயில் கோடு வந்தது எப்படி? பெங்களூரு ஆய்வகங்களிலிருந்து சில கேள்விகள்

மூலக்கூறு உயிரியல் துறையில் படிக்கும், பணிபுரியும் தமிழர்கள் அண்மையில் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை ஹெப்பாலைச் சுற்றியுள்ள ஆய்வு நிறுவனங்களிலிருந்தும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலிருந்தும் வந்தவை. அனுப்பியவர்களின் அடையாளம் தெரியாதபடி அவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பத்து நாட்களாக என் பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை), டிஎன்ஏ சேர்க்காமல் தண்ணீர் மட்டும் சேர்த்த கட்டுப்பாட்டுக் குழாயிலும், டிஎன்ஏவை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால், கோடு வருகிறது. மாதிரிகளில் வரும் கோடு தெளிவாக இருப்பதால் மேலே போகலாம் என்கிறார் சீனியர். போகலாமா?

பதில்: போகக் கூடாது. அந்தக் குழாயில் கோடு இருக்கும்வரை, மாதிரிகளில் தெரியும் கோடு மாதிரியிலிருந்துதான் வந்தது என்று சொல்ல உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. முதலில் அதன் அளவைப் பாருங்கள். நூறு காரங்களுக்கும் (டிஎன்ஏவின் எழுத்துகளான ஏ, டி, ஜி, சி) கீழே மங்கலாகத் தெரிந்தால் பிரைமர்கள் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். பிரைமரின் அளவைக் குறைத்தோ, அது டிஎன்ஏவோடு இணையும் வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி உயர்த்தியோ சரிசெய்யலாம். மாதிரியில் வரும் அதே உயரத்தில் வந்தால் அது மாசு, அதுவும் பெரும்பாலும் உங்கள் முந்தைய பிசிஆரின் விளைபொருளே. ஓடி முடித்த பிசிஆர் குழாயின் ஒரு மைக்ரோலிட்டரில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் இருக்கும் என்பதால், மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியே இதற்குப் போதும்.

நான் முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது இதே சிக்கலில் மூன்று வாரங்களை இழந்தேன். தண்ணீரை மாற்றினேன், நொதியை மாற்றினேன், பிரைமர்களைப் புதிதாக வரவழைத்தேன், கோடு போகவில்லை. கடைசியில், திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டின் முனைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தபோது உட்புறத்தில் கடுகளவு நீலக் கறை காய்ந்து ஒட்டியிருந்தது. ஜெல்லில் மாதிரி ஏற்றும்போது சேர்க்கும் சாயம் அது. ஜெல் மேசையில் இருக்க வேண்டிய பிப்பெட்டை யாரோ பிசிஆர் கலக்கும் மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆகவே கலவை தயாரிக்க ஒரு மேசை, ஜெல் ஓட்ட வேறொரு மேசை என்று பிரித்துக்கொள்ளுங்கள்; இரண்டுக்கும் பிப்பெட்டுகள் தனித்தனியாக இருக்கட்டும். பிப்பெட்டின் நுனியில் மாட்டும் டிப்புகளில் வடிகட்டி வைத்தவற்றையே பயன்படுத்துங்கள். தண்ணீரையும் பிரைமர்களையும் சிறு சிறு குழாய்களில் பிரித்து வைத்து, சந்தேகம் வந்தால் அந்தக் குழாயை அப்படியே கழித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் கோடு மறைந்தாலும் காரணம் தெரியாமல் போகும். நீங்கள் எல்லா பாக்டீரியாக்களிலும் இருக்கும் 16எஸ் மரபணுவைப் பெருக்குகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பிசிஆரில் டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் நொதி பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரிக்கப்படுவதால் அதன் டிஎன்ஏ நொதியிலேயே நுண்ணளவில் கலந்திருக்கலாம். அந்த நிலையில் சுழற்சிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும், டிஎன்ஏ நீக்கப்பட்ட நொதியை வாங்குவதும்தான் வழி.

கேள்வி: எங்கள் சிறிய ஆய்வகத்தில் வீட்டு உபயோக ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில்தான் நொதிகளை வைத்திருக்கிறோம். கோடையில் மின்வெட்டும் உண்டு. பாதிப்பு வருமா?

பதில்: பனி படியாத வகை ஃப்ரீசர் என்றால் வரும். படிந்த பனியை உருக்க அது அவ்வப்போது தானே சூடேறும். மின்வெட்டைவிட இதுவே நொதிக்குக் கூடுதல் தீங்கு. பனி படியும் பழைய வகை ஃப்ரீசரை வாங்கி, நொதிகளை அதற்கென விற்கும் குளிர்ப்பெட்டிக்குள் வையுங்கள். பாதி கிளிசரால் கலந்திருப்பதால் −20 டிகிரியில் நொதிக் கரைசல் உறையாமல் இருக்கும். உறைந்திருந்தால் ஏதோ தவறு என்று பொருள். டிஎன்ஏவை ஏற்கத் தயார்ப்படுத்திய பாக்டீரியா செல்களை மட்டும் அங்கே வைக்காதீர்கள். அவற்றுக்கு −80 டிகிரி வேண்டும்.

கேள்வி: ஒரு மரபணுவைப் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவில் இருக்கும் சிறு வட்ட டிஎன்ஏ) சேர்க்க வேண்டும். டிஎன்ஏவைக் குறிப்பிட்ட வரிசையில் வெட்டும் நொதிகளைக் கொண்டு செய்வது பழைய முறை, கிப்சன் முறைதான் இப்போது என்கிறார்கள். எதைக் கற்பது?

பதில்: இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள், ஒரே ஒரு மரபணுவைச் சேர்க்க முதல் முறையே போதும், செலவும் குறைவு. ஈகோஆர்ஐ போன்ற, ஆறு கார வரிசையை அடையாளம் கண்டு வெட்டும் நொதி சராசரியாக 4,096 காரங்களுக்கு ஒருமுறை வெட்டும் என்பதால், உங்கள் மரபணுவுக்குள்ளேயே அந்த வெட்டுமிடம் இருக்கிறதா என்று கணினியில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பிரைமரின் நுனியில் வெட்டுமிடத்துக்கு வெளியே நான்கு முதல் ஆறு காரங்கள் கூடுதலாக விடுங்கள். விளிம்பில் பிடிமானம் இல்லாவிட்டால் பல நொதிகள் சரிவர வெட்டாது. முதன்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

மூன்று நான்கு துண்டுகளைத் தழும்பில்லாமல் (இணைப்பிடத்தில் கூடுதல் காரங்கள் எஞ்சாமல்) இணைக்க வேண்டும் என்றால் 2009இல் வெளியான கிப்சன் முறைக்குப் போகலாம். ஒரு நொதி ஒவ்வொரு துண்டின் 5' முனையையும் அரித்து ஒற்றை இழையை வெளிக்காட்ட, 20 முதல் 40 காரங்கள் ஒத்திருக்கும் முனைகள் தாமே இணைகின்றன. இன்னொரு நொதி இடைவெளியை நிரப்ப, மூன்றாவது ஒட்டுகிறது. 50 டிகிரியில் ஒரே குழாயில் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். எந்த முறையானாலும் இணைப்பிடங்களின் கார வரிசையை அறிந்து சரிபார்க்காமல் அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: பிரித்தெடுத்த டிஎன்ஏ 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் விகிதம் (260/280) 1.8 வருகிறது, 260/230 மட்டும் 0.6. தூக்கிப் போடவா?

பதில்: வேண்டாம். 1.8 என்பது புரதக் கலப்பு இல்லை என்பதைக் காட்டுகிறது. 230இல் உறிஞ்சுவது பெரும்பாலும் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் கிட்டில் உள்ள குவானிடின் உப்பு. அடுத்த முறை கழுவும் திரவத்தால் ஒருமுறை கூடுதலாகக் கழுவி, கிட்டின் வடிகட்டிக் குழாயை வெறுமையாகச் சுழற்றி உலர்த்திய பிறகு டிஎன்ஏவை எடுங்கள். கருவியில் சுழியம் வைக்கும்போது, டிஎன்ஏ கரைந்திருக்கும் அதே திரவத்தைப் பயன்படுத்தினீர்களா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: ஆறு மாத முதுகலைத் திட்டத்தில் கிறிஸ்பர் (டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் முறை) மூலம் ஒரு மரபணுவை நீக்க விரும்புகிறேன். முடியுமா?

பதில்: வெட்டுவது எளிது, வெட்டியதை நிறுவுவதற்குத்தான் மாதங்கள் ஆகும். வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவின் 20 காரங்களையும், டிஎன்ஏவில் அதையடுத்து வேண்டிய என்ஜிஜி வரிசையையும் (ஏதேனும் ஒரு காரம், பிறகு இரண்டு ஜி) ஒரு மதிய நேரத்தில் தேர்ந்தெடுத்துவிடலாம். ஆனால் ஒற்றைச் செல்லிலிருந்து வளர்ந்த குலங்களைப் பிரித்தெடுத்து வளர்க்கவே பல வாரங்கள் போய்விடும். பிறகு மரபணுவின் இரு பிரதிகளும் உடைந்தனவா என்று வரிசை அறிய வேண்டும், புரதம் இல்லை என்று காட்ட வேண்டும், மரபணுவைத் திரும்பச் சேர்த்தால் பழைய பண்பு மீள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் தேவை. மூன்று வழிகாட்டி ஆர்என்ஏக்களை ஒப்பிட்டு, எது நன்றாக வெட்டுகிறது என்று நிறுவுவதோடு உங்கள் திட்டத்தை நிறுத்திக்கொள்ளலாம். அது முழுமையான, நேர்மையான ஒரு முதுகலைத் திட்டம்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்கு ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்துவிட்டது. பெயர்பெற்ற பெரிய ஆய்வகம் ஒன்றிலும், புதிதாகச் சேர்ந்த பேராசிரியர் ஒருவரிடமும் இடம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பெரிய இடத்துக்குப் போகச் சொல்கிறார்கள்.

பதில்: பெற்றோரின் கவலை நியாயமானது, ஐந்தாறு ஆண்டுகளைக் கொடுக்கப் போகிறீர்கள். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் தொகை மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனபின் 42,000 ரூபாய். இரு இடங்களிலும் இது ஒன்றேதான். தொகை சில மாதங்கள் தாமதப்பட்டுச் சேர்ந்து வருவதும் உண்டு, அதனால் இரண்டு மூன்று மாத வாடகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறுபடுவது வழிகாட்டி உங்களுக்குத் தரப்போகும் நேரம்.

இரு ஆய்வகங்களிலும் ஒரு முழு நாள் இருந்து பாருங்கள். பேராசிரியரிடம் பேசியதோடு திரும்பிவிடாமல், மாலைத் தேநீருக்கு மாணவர்களோடு செல்லுங்கள். தோற்றுப்போன சோதனையைக் குழுக் கூட்டத்தில் காட்ட முடிகிறதா, கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்பது எப்போது முடிவாகிறது, பட்டம் பெற எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேளுங்கள். பாதியில் விட்டுச் சென்ற ஒருவரிடமாவது கட்டாயம் பேசுங்கள். புதிய பேராசிரியர் பெரும்பாலும் தானே மேசையில் நின்று கற்றுத் தருவார். ஆனால் அவரது நிதி எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியாகியிருக்கிறது என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தை நானாக இருந்தால் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கேள்வி: ஓசூரிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறேன். முனைவர் பட்டம் இல்லாமல் ஆய்வுத் துறையில் நிலைக்க முடியுமா?

பதில்: முடியும். நுண்ணோக்கி, வரிசை அறிதல், செல் பிரிப்பு போன்ற பொதுக் கருவி மையங்களில் ஒரு கருவியை ஆழமாக அறிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. அடிப்படை நிரலாக்கமும் சேர்ந்தால் தரவுப் பகுப்பாய்வு வேலைகளும் திறக்கும். ஆனால் தானே கேள்வியை வகுத்து ஒரு குழுவை நடத்தும் பதவிகளுக்குப் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கேள்வி: தமிழ்வழியில் படித்தவன். குழுக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலும் வர மறுக்கிறது.

பதில்: நானும் தமிழ்வழியில் படித்தவள்தான், அந்த நிமிடத்தின் கனம் எனக்குத் தெரியும். சோதனையை முதலில் தமிழில், உங்கள் வீட்டாருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள்: என்ன கேட்டேன், என்ன செய்தேன், கட்டுப்பாட்டுக் குழாய் என்ன சொன்னது. அங்கே தடுமாறினால் சிக்கல் மொழியில் இல்லை, சோதனையில் இருக்கிறது. தெளிவாக வந்தால் அதையே ஐந்து சிறு ஆங்கில வாக்கியங்களாக்கி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு முந்தைய மாலை ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து ஒருமுறை முழுவதும் பேசிப் பாருங்கள். நான் இரண்டு ஆண்டுகள் விடாமல் அப்படித்தான் செய்தேன்.