முதிர்ந்த குரலும் கைதட்டும் சபையும்: இசை குறித்த வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் என்ற அமெரிக்கப் பாடகி 2018 ஜூலையில் லண்டனில் பாடிய கச்சேரியின் ஒலிப்பதிவை, வெளிநாட்டில் இருக்கும் என் மகன் அனுப்பியிருக்கிறான். சிறு வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன் நான். பாடும்போது அந்த அம்மையாருக்கு எண்பது நெருங்கிவிட்டதாம். குரல் கரகரக்கிறது, மேல்ஸ்தாயியை அரிதாகவே தொடுகிறது, சில வரிகளைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார். இதை மகன் இவ்வளவு கொண்டாடுவது வயதுக்குச் செய்யும் மரியாதைதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை, திருகோணமலை

பதில்: மரியாதைக்காகக் கேட்பவர் ஒரு பாட்டோடு நிறுத்திக்கொள்வார். உங்கள் மகன் முழுக் கச்சேரியையும் அனுப்பியிருக்கிறார் என்றால் அதில் வேறு எதையோ கேட்டிருக்கிறார் என்பதே என் எண்ணம்.

முதுமையின் தேய்வு என்று நீங்கள் கொள்ளும் கரகரப்பில் பெரும்பகுதி முதுமையால் வந்ததன்று. 1939 ஜூலை 10ஆம் திகதி சிக்காகோவில் பிறந்த மேவிஸ், தந்தை ‘பாப்ஸ்’ ஸ்டேப்பிள்ஸ் நடத்திய ‘ஸ்டேப்பிள் சிங்கர்ஸ்’ என்ற குடும்பக் குழுவில் சிறுமியாகவே பாடத் தொடங்கியவர். 1956இல் அக்குழு பதிவுசெய்த ‘அன்கிளவுடி டே’ என்ற பக்திப் பாடல் வானொலியில் ஒலித்தபோது, அந்த அடித்தொண்டைக் குரல் பதின்வயதுப் பெண்ணொருத்தியுடையது என்பதைக் கேட்டவர் பலர் நம்பவில்லை. யாரோ ஓர் ஆண் பாடுவதாகவே எண்ணினார்கள். ஆகவே, ஒரு காலத்தில் தேனாக இருந்த குரல் இன்று தேய்ந்துவிட்டது என்ற கணக்கோடு இந்தப் பதிவை அணுகினால், இல்லாத ஒன்றைத் தேடி ஏமாற வேண்டியிருக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த கொஸ்பல் பாடல் மரபில், தொண்டையை இறுக்கிக் குரலைக் கரகரக்கவைப்பது பாடகர் விரும்பிக் கையாளும் உத்தி. எந்தச் சொல்லில் அதை வைப்பது, எந்தச் சொல்லில் விலக்குவது என்பதில்தான் அவர் தேர்ச்சி தெரியும். மேவிஸ் ஒரு வரியை ஏறக்குறைய பேச்சாகவே தொடங்கி, கடைசிச் சொல்லில் மட்டும் அந்த இறுக்கத்தைக் கொண்டுவரும் இடங்களைக் கவனியுங்கள்.

வயது செய்த மாற்றமும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. மூச்சு குறுகியிருக்கிறது, நீண்ட கார்வைகள் குறைந்திருக்கின்றன. ஆனால் செம்மங்குடி சீனிவாச ஐயர் எண்பது வயதைக் கடந்த பின்னரும் பாடிய கச்சேரிகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குரல் ஒத்துழைக்காத இடத்திலும் ராகத்தின் உருவம் சிதையாமல் நின்றதை அங்கே ரசித்த செவி இங்கே மட்டும் ஏன் கண்டிப்புக் காட்ட வேண்டும்? பாதியில் விடப்பட்ட வரிகளையும் அப்படியே மறுபடி கேளுங்கள். அவர் விட்ட மீதியைச் சில இடங்களில் பின்பாட்டுப் பாடுபவர்கள் முடிக்கிறார்கள், சில இடங்களில் ரிக் ஹோம்ஸ்ட்ரமின் கிட்டார் முடிக்கிறது. அந்த மேடையில் ஊதுகருவிக் கூட்டமோ வயலின் வரிசையோ கிடையாது. கிட்டார், பேஸ் கிட்டார், ட்ரம்ஸ் ஆகியவற்றோடு பின்பாட்டுக் குரல்கள், அவ்வளவுதான். இவ்வளவு சிறிய குழுவை வைத்துக்கொண்டால் பாடகியின் குரல் எதனோடும் போட்டியிட வேண்டியதில்லை. மெல்லிய முணுமுணுப்புக்கூடச் சபையின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். பாடிய இடமும் அதற்குத் துணைசெய்கிறது. லண்டனின் இஸ்லிங்டன் பகுதியிலுள்ள யூனியன் சாப்பல், 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு இன்றும் ஆராதனை நடந்துவரும் தேவாலயம். அதுவே கச்சேரி மண்டபமாகவும் பயன்படுகிறது.

இன்னொன்று, உங்கள் பயிற்சி உங்களுக்குத் தடையாக இருக்கக்கூடிய இடம். இந்த இசையில் காந்தாரமும் நிஷாதமும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் குரல் வழுக்கிக்கொண்டு நிற்கும். கிட்டார் கீழே அந்தர காந்தாரத்தை வாசித்துக்கொண்டிருக்க, பாடகி சற்றுத் தாழ்ந்த காந்தாரத்தைப் பிடிப்பார். சுருதி விலகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அந்த உரசலைத்தான் அவர்கள் வேண்டுமென்றே தேடுகிறார்கள். கமகத்துக்குப் பழகிய செவிக்கு இதை ஏற்பது மேலைச் செவ்வியல் இசை மட்டுமே கேட்டவரைவிட எளிதாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் சனங்கள் இடையில் கத்துவதும் கைதட்டுவதும் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. அமைதியான ஸ்டூடியோவில் பதிந்த பாட்டைக் கேட்பதே மேல் அல்லவா?
– வாசகி, மூதூர்

பதில்: இல்லை என்பேன், குறைந்தது இந்த வகை இசைக்கு. நம் கிழக்கிலங்கைக் கூத்துக்களரியில் அண்ணாவியார் ஒரு தருவை எடுத்துக்கொடுக்க, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவதை நீங்கள் கண்டிருக்கக்கூடும். பிற்பாட்டு இல்லாமல் அண்ணாவியாரின் குரலை மட்டும் பதிவுசெய்து கேட்டால் கூத்தில் பாதிதான் கையில் இருக்கும். கொஸ்பலிலிருந்து பிறந்த சோல் இசையின் கச்சேரியில் அந்தப் பிற்பாட்டுக்காரரின் வேலையில் ஒரு பங்கைச் சபை எடுத்துக்கொள்கிறது. தேவாலயத்தில் போதகர் ஒரு வாக்கியம் சொல்ல, சபையார் உரத்து ஆமோதிக்கும் வழக்கத்திலிருந்து வந்த முறை இது. பாடகி ஒரு சொல்லை நீட்டுவதும், திருப்பிச் சொல்வதும், சட்டென்று நிறுத்துவதும் சபையின் மறுமொழியைக் கேட்டுத்தான்.

கைதட்டலையும் சற்றுக் கவனியுங்கள். ஆதி தாளத்தில் தொடக்க அடியில் தட்டிப் பழகிய நாம், இங்கும் முதல் அடியிலேயே தட்டப் பார்ப்போம். இவர்களோ நான்கு அடியில் இரண்டாவதிலும் நான்காவதிலும் தட்டுகிறார்கள். ட்ரம்ஸ்காரரின் ‘ஸ்னேர்’ என்ற சிறு முரசில் அடி விழுவதும் அங்கேதான். ஒரு பாட்டு முழுவதும் அந்த இரண்டிலும் நான்கிலும் சேர்ந்து தட்டிப் பாருங்கள். எரிச்சலூட்டிய சத்தம் தாளக் கருவியாக மாறிவிடும்.

ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கும் ஒரு காலத்தில் உங்கள் தயக்கம் இருந்தது. சோல் பாடகர் சாம் குக் 1963 ஜனவரி 12ஆம் திகதி மயாமி நகரின் ஹார்லெம் ஸ்குவேர் கிளப்பில் பாடிய கச்சேரியை ஆர்.சி.ஏ. நிறுவனம் பதிவுசெய்தது. வானொலியில் மிருதுவாகப் பாடிப் பெயர்பெற்ற அவருடைய தோற்றத்துக்கு அந்த முரட்டுக் குரலும் சபையின் ஆரவாரமும் பொருந்தாது என்று கருதப்பட்டதால், அது 1985 வரை வெளிவரவேயில்லை. அதற்குள் பாடகர் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அவருடைய பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், ஸ்டூடியோப் பாடல்களை விட்டு இதையே எடுப்பேன்.

கேள்வி: ப்ளூஸ், சோல் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் எதில் சேர்வார்?
– மாணவர், உப்புவெளி

பதில்: ப்ளூஸ் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காட்டுப் பின்னணியிலிருந்து வந்த தனியாள் பாட்டு. அதன் பழகிய வடிவம் பன்னிரண்டு ஆவர்த்தங்கள் கொண்டது. ஒரு வரி பாடப்படும், அதே வரி திரும்ப வரும், மூன்றாவது வரி அதற்குப் பதிலாக அமையும். ஒவ்வொரு வரியும் தனக்குரிய நான்கு ஆவர்த்தங்களில் ஏறக்குறையப் பாதியிலேயே முடிந்துவிட, மீதியைக் கிட்டார் பேசி நிரப்பும். சோல், 1950களிலும் 60களிலும் கொஸ்பல் பாடும் முறையை எடுத்து உலகியல் பாடல்களுக்குக் கொடுத்தபோது உருவானது. ரே சார்ல்ஸ் அதைத் தொடக்கியவர்களுள் முதன்மையானவர். கடவுளுக்குப் பாடிய அதே உருக்கத்தைக் காதலிக்குப் பாடுவதா என்று அக்காலத் தேவாலயத்தார் சினந்ததும் உண்டு.

மேவிஸை ஒரு பெட்டிக்குள் அடைப்பது கடினம். தந்தை பாப்ஸ் மிசிசிப்பியில் பிறந்து, சிறுவயதில் ப்ளூஸ் கிட்டார் கேட்டு வளர்ந்தவர். அவருடைய குழு கொஸ்பல் பாடியது. பின்னர் மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து 1972இல் ‘ஐ’ல் டேக் யூ தேர்’ பாடலால் அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தது. லண்டன் கச்சேரியில் கேட்கும் கிட்டாரின் நடுங்கும் ஒலி, 2000ஆம் ஆண்டில் மறைந்த தந்தையின் வாசிப்பைப் பின்பற்றியது.

கேள்வி: விலையுயர்ந்த ஒலிபெருக்கி இல்லாமல் கைத்தொலைபேசியில் கேட்டால் போதுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் கிட்டார் அநேகமாக மறைந்துவிடும், அது மறைந்தால் பாட்டின் நடை தெரியாது. ஒரு சாதாரண காதொலிப்பானே போதும். பேஸைக் கூட்டும் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள், அது குரலின் மேல் மண்ணை வாரிப் போடுகிறது.

கேள்வி: ஆங்கிலப் பாடல்வரிகள் எனக்குப் பாதிதான் விளங்குகின்றன. பொருள் தெரியாமல் ரசிப்பது சரியா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொருள் தெரியாமலே கேட்டுக் கண் கலங்கியவர்கள் நாம், இதற்கு மட்டும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இருந்தாலும் மேவிஸைப் பொறுத்தவரை வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அவர் பாட்டுகளில் பல ஒரு குறிப்பிட்ட போராட்டத்தின் நடுவே பிறந்தவை. மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தை நேரில் கேட்ட பாப்ஸ், அவர் பேசுவதை நம்மால் பாட முடியும் என்று பிள்ளைகளிடம் சொன்னதாக மேவிஸ் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமை கோரி செல்மாவிலிருந்து மொன்ட்கொமரிக்கு நடந்த பேரணியை ஒட்டி பாப்ஸ் எழுதிய ‘ஃப்ரீடம் ஹைவே’ பாடலை, அடுத்த மாதமே சிக்காகோவின் ஒரு தேவாலயத்தில் சபையின் முன்னிலையில் குடும்பம் பாடிப் பதிவுசெய்தது. அந்தப் பாட்டைப் பாடியபோது மேவிஸுக்கு இருபத்தைந்து வயது. லண்டனில் அவர் நம்பிக்கை, பொறுமை என்று எளிய சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, அவற்றை வெறும் நல்வாழ்த்தாகக் கேட்க முடியாமற்போவதற்கு இந்தப் பின்னணியே காரணம். சொற்கள் எளிமையாக இருப்பதால், பாடல்வரிகளை ஒருமுறை வாசித்துவிட்டாலே முக்கால்வாசி விளங்கிவிடும்.

கேள்வி: லண்டன் பதிவு பிடித்துவிட்டது. அடுத்து எதைக் கேட்கலாம்?
– வாசகர், நிலாவெளி

பதில்: மேவிஸையே தொடர விரும்பினால், 2008 ஜூனில் சிக்காகோவின் ‘ஹைட்அவுட்’ என்ற சிறிய மதுக்கூடத்தில் அவர் பாடிய கச்சேரியைத் தேடுங்கள். அது பராக் ஒபாமா தெரிவான தேர்தல் நாளான 2008 நவம்பர் 4ஆம் திகதி வெளியிடப்பட்டது. லண்டன் பதிவைவிட இறுக்கமானது, கூடுதல் கோபமும் கொண்டது. தேவாலயப் பாட்டின் முழு வேகத்தையும் அறிய வேண்டுமாயின், சோல் பாடகி அரீத்தா ஃப்ராங்ளின் 1972 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் பாடிய ‘அமேசிங் கிரேஸ்’ இருக்கிறது; அதை ஒரே மூச்சில் கேட்க வேண்டாம், களைப்பு வந்துவிடும். ப்ளூஸ் பக்கம் போவதென்றால் பி.பி. கிங் 1964 நவம்பர் 21ஆம் திகதி சிக்காகோவின் ரீகல் அரங்கில் பாடிய கச்சேரி. ஒரே நேரத்தில் பாடவும் வாசிக்கவும் தனக்கு வராது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால் அவர் பாடி நிறுத்துவார், ‘லூசில்’ என்று பெயர் சூட்டிய கிட்டார் மறுமொழி சொல்லும், அதற்குமேல் சபையிலுள்ள பெண்கள் கூவுவார்கள். இந்த மூன்றில் எது முந்துகிறது என்பதைக் கேட்பதற்காகவே நான் அந்தப் பதிவை அடிக்கடி ஓடவிடுவதுண்டு. நீங்கள் தொடங்க வேண்டியது இதிலிருந்துதான். அரீத்தாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.