எதிரொலிக்கும் துடிப்பால் கேபிள் நீளம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கேபிளின் ஒரு முனையில் செலுத்திய மின்துடிப்பு மறுமுனையில் எதிரொலித்துப் போய்த் திரும்ப 100 நானோ நொடி ஆகிறது. கேபிளின் நீளம் என்ன?

பதில்: காப்புப் பொருள் எதுவென்று தெரியாமல் சொல்ல இயலாது. துடிப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது செம்புக் கம்பி அன்று, அதைச் சூழ்ந்துள்ள காப்பு. திடமான பாலிஎத்திலீன் காப்புடைய கோஆக்சியல் கேபிளில் (நடுக்கம்பியைச் சுற்றிக் காப்பும், அதன்மேல் உலோக உறையும் கொண்டது) துடிப்பின் வேகம் ஒளிவேகத்தில் ஏறத்தாழ 66 விழுக்காடு, அதாவது நானோ நொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். போக்குக்கும் வரவுக்குமாக 20 மீட்டர் என்பதால் கேபிள் 10 மீட்டர். நுரைக் காப்பாக இருந்து வேகம் 80 விழுக்காடானால் அதே நேரம் 12 மீட்டரைக் குறிக்கும். விலையுயர்ந்த கருவியும் இந்த எண் தவறினால் தவறாகவே சொல்லும் என்பதால், அதே சுருளில் ஒரு துண்டை வெட்டி, அளவு நாடாவால் அளந்து, வேகத்தை முதலில் கணக்கிட்டுக்கொள்வதையே நான் வலியுறுத்துவேன்.

கேள்வி: எதிரொலி சில வேளை மேல்நோக்கியும் சில வேளை கீழ்நோக்கியும் வருவது ஏன்?

பதில்: மறுமுனை திறந்திருந்தால் எதிரொலி அதே குறியுடனும், குறுக்குச்சுற்றாகியிருந்தால் (இரு கடத்திகளும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால்) தலைகீழாகவும் திரும்பும். 50 ஓம் மூலத்திலிருந்து 50 ஓம் கேபிளுக்குள் (ஓடும் துடிப்புக்குக் கேபிள் காட்டும் மின்மறுப்பு அது) ஒரு படிநிலை மின்னழுத்தத்தை, அதாவது திடீரென உயர்ந்து அப்படியே நிற்கும் மின்னழுத்தத்தைச் செலுத்தி, மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைக் கோடாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் பாருங்கள்: கோடு முதலில் பாதி உயரத்துக்கு ஏறி, சற்று நேரம் மேடைபோல் நின்று, பிறகு முழு உயரத்துக்கு எழும்பினால் முனை திறந்திருக்கிறது, சுழிக்குச் சரிந்தால் குறுக்குச்சுற்று. அந்த மேடையின் அகலமே நீங்கள் தேடும் நேரம். முனையில் 75 ஓம் மின்தடை இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே திரும்பும். கேபிளுக்குப் பொருந்தும் 50 ஓம் இருந்தால் எதுவும் திரும்பாது, அளக்கவும் முடியாது.

கேள்வி: 50 நானோ நொடி அகலத் துடிப்பை அனுப்பினால் 2 மீட்டர் கேபிளில் எதிரொலியே தெரியவில்லையே?

பதில்: எதிரொலி 20 நானோ நொடியில் வந்துவிடுகிறது, உங்கள் துடிப்போ 50 நானோ நொடி அகலமுடையது, ஆகவே ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுகிறது. துடிப்பைக் குறுக்குவதைவிட, மேலே சொன்ன படிநிலையைக் கூர்மையான விளிம்புடன் அனுப்புவது எளிது. நீண்ட கேபிளில் இதற்கு நேர்மாறான தொல்லை உண்டு: திரும்பி வரும் விளிம்பு மழுங்கியிருக்கும், எனவே அதன் நடுப்புள்ளியை விட்டு, எழத் தொடங்கும் அடியையே குறித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இந்த நேரத்தை அளக்க 16 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோகன்ட்ரோலரின் (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி) டைமர் போதுமா?

பதில்: போதாது. அதன் கடிகாரத்தின் ஒரு எண்ணிக்கை 62.5 நானோ நொடி. போக்கும் வரவும் சேர்ந்ததால், கேபிள் நீளத்தில் அது 6 மீட்டருக்கும் மேல்.

கேள்வி: ஒரே நெட்வொர்க் கேபிளின் நான்கு இணைகளும் (முறுக்கிய கம்பி ஜோடிகள்) வெவ்வேறு நீளம் காட்டுகின்றன. கருவி பழுதா?

பதில்: இல்லை. குறுக்குப்பேச்சைக் (ஓர் இணையின் குறிகை அடுத்ததில் கசிவதை) குறைப்பதற்காக ஒவ்வோர் இணையும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்படுகிறது. நெருக்கமாக முறுக்கிய இணையில் கம்பி உண்மையிலேயே நீளம்.