பூண்டில் மஞ்சள் கோடு: அசுவினி பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி பற்றி என்ன சந்தேகமிருந்தாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பூண்டைப் பற்றித்தான். நம் கடற்கரைச் சூட்டில் பூண்டு முற்றாது. ஆனால் மலையில் சொந்தக்காரர் வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய பேர் போலிருக்கிறது. தோட்டக்கலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பண்ருட்டி: சார், என் மச்சான் கொடைக்கானல் மன்னவனூரில் பூண்டு போட்டிருக்கிறார். இலையில் நீளநீளமாக மஞ்சள் கோடு. அசுவினி என்று மருந்துக் கடையில் சொல்ல, இரண்டு தடவை அடித்துவிட்டார். கோடு போகவே இல்லை. மருந்து போலியா?

மருந்தைக் குறை சொல்ல வேண்டாம் தம்பி. அசுவினி செத்திருக்கும், வைரஸ் செடிக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க எந்த மருந்தும் இல்லை.

இந்தக் கோட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு வைரஸ்கள்: வெங்காய மஞ்சள் குட்டை வைரஸ், லீக் மஞ்சள் கோடு வைரஸ். அசுவினியின் வாய் ஊசி மாதிரி. ஓர் இலையில் உட்கார்ந்ததும் முதலில் குத்தி ருசி பார்க்கும். அந்தச் சில நொடியிலேயே வைரஸ் ஊசி நுனியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் குத்தினால் அங்கே இறங்கிவிடும். நுனியில் ஒட்டியது சில மணி நேரத்தில் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பக்கத்துப் பாத்திக்குப் போக அவ்வளவு நேரம் எதற்கு? விஷம் உடம்பில் ஏறி அது சாவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. பைரெத்ராய்டு என்ற வகைப் பூச்சிமருந்துகள் சில பட்டால் அசுவினி நிலைகொள்ளாமல் செடிக்குச் செடி தாவும். அது இன்னும் மோசம்.

நெல்லிக்குப்பம்: ஐயா, எங்கள் அண்ணன் ஊட்டி பக்கம் பூண்டு வைத்திருக்கிறார். இலையைப் புரட்டிப் பார்த்தால் ஒரு அசுவினிகூட இல்லை. கோடு மட்டும் இருக்கிறது. எப்படி?

இரண்டு வழி. ஒன்று, இறக்கை முளைத்த அசுவினி. வேறு பயிரில் பெருகி, இடம் தேடிப் பறக்கும்போது பூண்டில் இறங்கும், குத்திப் பார்க்கும், பிடிக்காமல் கிளம்பிவிடும். அது தங்காததால் நம் கண்ணில் படாது. கூட்டமாகத் தங்கியிருப்பதைவிட இப்படி வந்து போவதுதான் பூண்டுக்கு ஆபத்து.

இன்னொன்று விதைப்பூண்டு. பல்லை ஊன்றித்தானே பயிர் செய்கிறோம்? தாய்ச்செடியில் இருந்த வைரஸ் பல்லோடு வந்துவிடும். முளைத்த சில வாரத்திலேயே வயல் முழுக்கப் பரவலாகக் கோடு தெரிந்தால் அசுவினியைத் தேட வேண்டாம், விதையைச் சந்தேகப்படுங்கள்.

பாகூர்: வாழையில் இலைகள் உச்சியில் கொத்தாக நெருங்கிக் குட்டையாகிவிடும் முடிக்கொத்து நோயும் அசுவினியால்தானே வருகிறது? அதற்கும் மருந்து அடிப்பது வீண்தானா?

இல்லை, அது வேறு கணக்கு. வாழையில் கருப்பு அசுவினி சில மணி நேரமாவது சாற்றை உறிஞ்சினால்தான் வைரஸ் ஏறும். ஏறிவிட்டால் சாகும்வரை அதன் உடம்பில் இருக்கும். நேரம் பிடிப்பதால் அங்கே அசுவினியைக் கட்டுப்படுத்துவதில் பலன் உண்டு. நோய் கண்ட வாழையை வெட்டிச் சாய்த்தால் போதாது. முதலில் மருந்து அடித்து அசுவினியைக் கொன்றுவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். பதறிப்போய் முதலில் வெட்டினால் அசுவினி பக்கத்து மரத்துக்குக் குடிபோகும். பக்கக் கன்றையும் அங்கிருந்து எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

லாஸ்பேட்டை: மாடித் தொட்டியில் சமையல் பூண்டை ஊன்றினேன் சார். கீழ் இலை நுனி மஞ்சளாகிறது. வைரஸா? சாப்பிடலாமா?

கீழ் இலை நுனியிலிருந்து சீராக மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை, இல்லையென்றால் தண்ணீர் தேங்கியிருக்கும். வைரஸ் என்றால் இளம் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நரம்புக்கு இணையாகப் பச்சையும் மஞ்சளும் மாறிமாறிக் கோடு ஓடும். வைரஸ் பிடித்த பூண்டே ஆனாலும் சாப்பிட்டால் நமக்கு ஒன்றும் செய்யாது. பூண்டுத்தாளை நறுக்கி முட்டைப் பொரியலில் போடுங்கள். ஆனால் மண்ணுக்குள் பூண்டு திரளும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விருத்தாசலம்: சின்ன வெங்காயத்துக்கும் வருமா?

வரும். அதுவும் வெங்காயத்தையே ஊன்றும் பயிர்தானே. கோ 5 மாதிரி விதை போட்டு நாற்று விடும் ரகம் என்றால் பழைய வைரஸ் தொடர்ந்து வராது. போன பருவத்தில் தப்பி முளைத்த செடிகளை வரப்பில் விட்டுவைக்காதீர்கள்.

பண்ருட்டி (மறுபடியும்): அப்போ மச்சான் அடுத்த போகத்துக்கு என்னதான் செய்வது சார்?

இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். தாள் பச்சையாக இருக்கும்போதே, கோடு இல்லாத, நன்றாக வளர்ந்த செடிகளில் ஒரு கலர் நூலைக் கட்டி வைக்கட்டும். தாள் காய்ந்துவிட்டால் எது நோய்ச் செடி என்று யாராலும் சொல்ல முடியாது. நூல் கட்டியதில் மட்டும் விதை எடுக்க வேண்டும். நம் ஆட்கள் பருத்ததை மண்டிக்கு அனுப்பிவிட்டுச் சிறுத்ததை விதைக்கு வைப்பார்கள். அது ஏன் சிறுத்தது? வைரஸும் காரணமாக இருக்கலாம். அதையே வருஷா வருஷம் ஊன்றினால் எப்படி விளங்கும்?

திசு வளர்ப்பில், அதாவது ஆய்வுக்கூடத்தில் செடியின் சிறு துணுக்கிலிருந்து வளர்த்து, வைரஸ் நீக்கிய விதை கிடைத்தால் நல்லது. அதற்கும் சில போகத்தில் நோய் மறுபடி ஏறும் என்பதால் தனிப் பாத்தியில் பெருக்க வேண்டும். ஊன்றுவதற்கு 30 நாள் முன்பே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் போடலாம். வரும் அசுவினி முதலில் அதில் குத்தி ஊசி நுனியைச் சுத்தம் செய்துகொள்ளும். ஆரம்பத்தில் கோடு தெரியும் செடி கொஞ்சமாக இருந்தால் பிடுங்கிவிடலாம். வயலே மஞ்சள் என்றால் பிடுங்கிப் பயனில்லை, வந்த மகசூலை எடுத்துக்கொண்டு விதையை மாற்றுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: பூண்டு வைரஸ் எல்லாமே அசுவினியால்தானா?

இல்லை அம்மா. பூண்டில் வரும் அல்லெக்சி என்ற இன்னொரு வகை வைரஸ்களைப் பரப்புவது 0.2 மி.மீ. அளவுள்ள ஒரு சிலந்திப்பேன். அது சேமிப்பில் பல் இடுக்கிலேயே இருந்து மற்றப் பூண்டுக்கும் ஏறும். ஆகவே விதைப்பூண்டை விற்பனைப் பூண்டோடு ஒரே மூட்டையில் போட்டு வைக்க வேண்டாம்.